இஞ்சின் கொதித்தது, ஹீட்டர் குளிர்ந்தது

குன்னூர்க் கிளைக்கு மாற்றல் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஸ்வெட்டரைப் பற்றித்தான் கவலை. காரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2009-ஆம் ஆண்டின் சிறிய பெட்ரோல் கார். என்னிடம் வருவதற்குள் மூன்று கை மாறியிருந்தது. கோவையில் வீட்டுக்கும் வங்கிக்கும் இடையே ஒன்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி. அதில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஏசியின் திருகில் நீல முனைக்கு எதிரே ஒரு சிவப்பு முனை உண்டு. நான்கு வருடமாக அந்தப் பக்கம் நான் திருப்பியதே இல்லை.

வாரம் முழுக்கக் குன்னூர், வாரக் கடைசியில் கோவை என்று வாழ்க்கை அமைந்தது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. கல்லாறு தாண்டியதும் தொடங்கும் ஏற்றம், பர்லியார், காட்டேரி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. சமவெளியில் வண்டி மூடி மறைத்துவைத்திருக்கும் நோயையெல்லாம் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் கக்க வைத்துவிடும்.

முதல் அறிகுறி டிசம்பரில் வந்தது. காலை ஆறரை மணி, நல்ல பனி, முன் கண்ணாடி உள்பக்கமாக மூடிக்கொண்டது. அன்றுதான் சிவப்பு முனையை நாடினேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. ஏற்றத்தில் இஞ்சின் உறுமும்போது கொஞ்சம் சூடு, சிக்னலில் நின்றால் குளிர். அதோடு டாஷ்போர்டுக்குப் பின்னால் பாதி நிறைந்த குடத்தைச் சாய்த்ததுபோல் ஒரு களக் களக் சத்தம். வாரக் கடைசியில் கோவை மெக்கானிக்கிடம் சொன்னேன். "நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே அந்தக் குளிர்காலத்தை ஓட்டினேன்.

அந்தச் சத்தத்தின் பொருள் தெரிந்திருந்தால் ஏப்ரலில் என் கை வெந்திருக்காது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. சீசன் நெரிசல். மனைவி, மகள், மாமியார், பின்னால் இரண்டு அரிசிப் பை, ஏசி முழு வேகத்தில். பர்லியாருக்கு மேலே ஒரு லாரியின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். வெப்பமானியின் முள் நடுவிலிருந்து நகர்ந்து முக்கால் பங்கைத் தாண்டியதை மகள்தான் பார்த்துச் சொன்னாள். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் பானெட்டின் இடுக்கில் ஆவி.

இஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் சேர்த்துவைக்கும் ரிசர்வ் டேங்கைப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர். தண்ணீர் இருக்கிறது, பிறகு ஏன் கொதிக்கிறது? குழப்பத்தில் ஒரு துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். எந்த வண்டி வைத்திருப்பவரும் செய்யக்கூடாத காரியம் அதுதான். மூடி கையைவிட்டுப் பறந்தது. முழங்கைக்குக் கீழே இப்போதும் ஒரு நீள்வட்டத் தழும்பு இருக்கிறது. பின்னால் நின்ற லாரியிலிருந்து ஓட்டுநர் இறங்கி வந்து என் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "வண்டி ஆறினாலும் நீங்கள் ஆற மாட்டீர்கள் போலிருக்கிறதே, சார்" என்றார். முக்கால் மணி நேரம் எதையும் தொடவிடவில்லை. பிறகு இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காய்ந்து கிடக்கும் இஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் அதன் மேல்பாகமான ஹெட் வெடிப்பு விடும் என்பது அவரிடம் கேட்டதுதான். ரிசர்வ் டேங்க் நிறைந்திருந்த வண்டியின் ரேடியேட்டர் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தது.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "முள் ஏறியபோது ஹீட்டரைப் போட்டுப் பார்த்தீர்களா?" ஏப்ரல் மாதத்தில் ஹீட்டரா என்று நினைத்தேன். அவர் விளக்கினார். ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். தனியாக நெருப்பு ஏதும் அதற்கு இல்லை. இஞ்சினைச் சுற்றி வரும் அதே சுடுதண்ணீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. இஞ்சின் சூடேறும்போது ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து விசிறியை வேகமாகச் சுழலவிட்டால், கொஞ்சம் சூடு அந்த வழியாகவும் வெளியேறும். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், இஞ்சின் தப்பிக்கும். இதெல்லாம் முள் ஏறத் தொடங்கும் கட்டத்தில் மட்டும். ஆவி வந்துவிட்டால் ஓட்டுவதை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

அவர் சொன்னதைக் கேட்டு மீதி வழியெல்லாம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டே ஏறினோம். முள் மெதுவாக மறுபடி ஏறியது. ஹீட்டரிலிருந்து வந்ததோ ஜன்னல் காற்றைப் போலவே குளிர்ந்த காற்று. மாமியாருக்கு அது சௌகரியமாக இருந்தது. இஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டர் குளிர்வது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று எனக்கு அப்போது தெரியாது. காட்டேரியில் இன்னொரு முறை நிறுத்தி, ஆறவிட்டு, இருட்டிய பிறகு வீடு சேர்ந்தோம்.

அதன் பிறகு பழுது பார்க்கும் படலம். அடுத்த வாரம் மிதமான வேகத்தில் கோவைக்கு இறக்கிக் கொண்டுபோய் அதே மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, ஒரு செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "இது குளிர் நாட்டுக்காரனுக்கு. நமக்குத் தேவையில்லை. இனிமேல் தண்ணீர் தாராளமாக ஓடும்." முந்நூறு ரூபாய். தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் வண்டிகள் இந்த ஒரு வாசகத்துக்குத் தங்கள் தெர்மோஸ்டாட்டை இழந்திருக்கின்றனவோ.

தெர்மோஸ்டாட்டின் வேலை எளிது. உள்ளே ஒரு மெழுகு உருளை. இஞ்சின் தண்ணீர் 82 அல்லது 88 டிகிரிக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். அதை எடுத்துவிட்டால் இஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். மேலே குன்னூரில் ஜூன் மழையில் என் வண்டியின் முள் கால் பங்கைத் தாண்டவே இல்லை. லிட்டருக்குப் பதினைந்து கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பன்னிரண்டுக்கு இறங்கியது. இஞ்சின் குளிர்ந்தே இருப்பதாக வண்டியின் கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஹீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சரி, கொதிப்பாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஏற்றத்தில் முள் முன்னைப்போலவே ஏறியது. சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் இஞ்சினையே சுற்றிவரும் என்பதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

இரண்டாவது பட்டறை கொஞ்சம் பெரியது. அங்கே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் அடியில் படிந்திருந்த மஞ்சள் பாலாடையைக் காட்டினார்கள். "ஹெட் காஸ்கெட் போய்விட்டது. ஹெட்டை இறக்க வேண்டும். இருபத்திரண்டாயிரம் ஆகும்." எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் ஹெட்டுக்கு அடியில் அடைத்து நிற்கும் தகடு அது. எனக்கு வயிறு கலங்கியது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்தேன். அந்த ஒரு தயக்கம்தான் எனக்குப் பணம் மிச்சப்படுத்தியது.

அலுவலகக் காவலாளி சொல்லித்தான் குன்னூரிலேயே ஒரு பழைய மெக்கானிக் இருப்பது தெரிந்தது. தேயிலைத் தொழிற்சாலை ஜீப்புகளைப் பார்த்துப் பார்த்து நரைத்தவர். தகரக் கூரை, ஒரே ஒரு வண்டி நிற்க இடம். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன், எனக்கும். முந்தைய இரண்டு இடங்களிலும் பானெட்டைத் திறந்துவிட்டுத்தான் பேசினார்கள். இவர் திறக்கவே இல்லை. ஒரு முக்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். நின்றுகொண்டிருக்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போதா? காலையில் எடுத்தவுடனா, அரை மணி கழித்தா? ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

முதல் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன். சிக்னலில், நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, வேகம் எடுத்தால் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் முதல் சந்தேகம்: மோட்டார், ரிலே, ஃபியூஸ், அதை இயக்கும் சென்சார். ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை மறைத்துவிடும். அதற்கு மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து ஏற்றத்திலும் வேகத்திலும் ஏறினால் தண்ணீர் குறைவு, அடைப்பு, அல்லது பம்ப். என் வண்டி இரண்டாவது ரகம்.

ஆறியிருந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். மூடியில் இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்க வேண்டும். கீழ் வளையம் அப்பளம்போல் காய்ந்திருந்தது. மேல் வளையம் பாதிதான் இருந்தது. "உங்கள் வியாதி இதுதான்" என்றார். இருநூற்று ஐம்பது ரூபாய்ப் பொருள்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ரேடியேட்டர் மூடி ஒரு பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்குவதே பெரும்பாலும் 95 டிகிரிக்கு மேல்தான். 0.9 பார் என்று முத்திரையிட்ட நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். கூலன்ட்டும் (இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கும் திரவம்) தண்ணீரும் சரிபாதியாகக் கலந்திருந்தால் 120-ஐத் தொடும். என் மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. மலை ஏற ஏறக் கொதிநிலை இறங்கிக்கொண்டே வந்து இஞ்சினின் சாதாரண சூட்டையே தொட்டுவிட்டது.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரியும் தண்ணீரை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்ச வழிவிடும். மேல் வளையம் கிழிந்திருந்ததால் ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீர் வராமல், கழுத்துப் பக்கமாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் தண்ணீர் வெளியே, கொஞ்சம் காற்று உள்ளே. அதனால்தான் டேங்க் தளும்பியது, ரேடியேட்டர் வறண்டது. டேங்கை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், ஒன்றரை வருடம். டேங்கின் மட்டம் காலையிலும் ஓட்டி முடித்த பிறகும் ஒரே அளவில் அசையாமல் நின்றாலும் சந்தேகப்பட வேண்டும்; ஏறி இறங்கினால்தான் உயிரோடு இருக்கிறது.

ஹீட்டர் டாஷ்போர்டுக்குப் பின்னால் உயரமான இடத்தில் இருக்கிறது. தண்ணீர் குறைந்து காற்று சேரும்போது அது முதலில் அங்கேதான் போய்த் தங்கும். டிசம்பரில் கேட்ட களக் களக் சத்தம் அந்தக் காற்று. ஏப்ரலுக்கு நான்கு மாதம் முன்பே ஹீட்டர் தகவல் சொல்லிவிட்டது, கேட்டவர்கள்தான் சிரித்தோம்.

ஆனால் மூடியை மாற்றித் தண்ணீர் நிரப்பியும் ஹீட்டர் சூடாகவில்லை. அண்ணன் இஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தடுப்புத் தகட்டில் நுழையும் இரண்டு ஹோஸ்களையும், அதாவது ரப்பர் குழாய்களையும், தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது குளிர். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வரவில்லை, ஹீட்டர் அடைத்திருக்கிறது, அல்லது அதன் வால்வு மூடியே கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே சூடாக இருந்து காற்று மட்டும் குளிராக வந்தால் கோளாறு தண்ணீரில் இல்லை. காற்றைத் திருப்பிவிடும் மடிப்புத் தகடோ அதன் கேபிளோ சிக்கியிருக்கும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் தண்ணீர் குறைவு, குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும் ஏர் லாக், அல்லது திறந்தபடி நின்றுவிட்ட தெர்மோஸ்டாட். என் வண்டியில் அந்த மூன்றாவதற்கு இடமில்லை. தெர்மோஸ்டாட்டே செய்தித்தாளில் சுற்றி இருக்கைக்குக் கீழே கிடந்தது.

"என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. வீட்டு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் அதே தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றியிருக்கிறேன். எங்கள் கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் மேல் ஒரு கர்வம் உண்டு. அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு வண்டிக்கு உப்புத் தண்ணீரைக் கொடுத்தேன். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் அது அவசரத்துக்கு மட்டும்தான். கூலன்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதைவிட, உள்ளே துருவும் உப்பும் பிடிக்காமல் காப்பதுதான் நம் ஊரில் அதன் பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து மெல்லிய அழுத்தத்தில் குழாய்த் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டார். அழுத்தம் கூடினால் பழைய ஹீட்டர் பிளந்துகொள்ளும், அப்புறம் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். முதலில் கருப்பட்டிப் பானகம்போல் ஒரு குழம்பு, பிறகு செதில் செதிலாகத் துரு, இருபது நிமிடம் கழித்துத்தான் தெளிந்த தண்ணீர். ரேடியேட்டரையும் அப்படியே அலசினார்.

தெர்மோஸ்டாட்டை அவருடைய டீ போடும் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். வெப்பமானி 82-ஐத் தாண்டியதும் அது ஒழுங்காக வாய் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. "குற்றம் செய்யாதவனை ஊரைவிட்டுத் தள்ளி வைத்திருக்கிறீர்கள்" என்றார். புதிய ரப்பர் வளையம் போட்டு, அதிலுள்ள சிறு ஊசித்துளை மேல்பக்கம் வரும்படி மாட்டினார். உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று தப்பிக்க அதுதான் வழி.

ஹெட் காஸ்கெட் பயத்தையும் அவர்தான் தீர்த்தார். குன்னூர், ஊட்டிக் குளிரில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில், அதுவும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடே ஏறாத இஞ்சினில், எண்ணெய் மூடியில் ஈரம் படிந்து பாலாடை கட்டுவது சாதாரணம். அளவுக்கோலை இழுத்தபோது எண்ணெய் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் மூடி திறந்திருக்க இஞ்சினை ஓடவிட்டார். ரேடியேட்டரில் இடைவிடாத குமிழிகள் இல்லை. சைலன்சரில் இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை இல்லை. குளிர்ந்த இஞ்சினை எடுத்த இரண்டு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகவும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் ஹெட்டை இறக்குவதைப் பற்றிப் பேசியிருப்பேன் என்றார்.

கூலன்ட் நிரப்புவதும் ஒரு கலைதான். குன்னூரில் சரிவுக்குப் பஞ்சமில்லை. வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து நிற்க, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, மூடியைத் திறந்தே வைத்து இஞ்சினை ஓடவிட்டார். குமிழி குமிழியாகக் காற்று வெளியேற, மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். ஃபேன் இரண்டு முறை சுழன்று நின்ற பிறகுதான் மூடியைப் போட்டார். மறுநாள் காலை, ஆறிய வண்டியில் கால் லிட்டர் மறுபடி பிடித்தது. மொத்தம் மூவாயிரத்து நானூறு ரூபாய், அதில் பாதிக்கு மேல் கூலன்ட்.

கழிவுக் கூலன்ட்டை ஒரு கேனில் பிடித்து மூடி வைத்தார். நான் சாக்கடையில் ஊற்றப் போனேன், தடுத்தார். அது இனிக்கும், நாயும் மாடும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். பர்லியார்க் குரங்குகளை நினைத்துக்கொண்டேன். அந்த ஏப்ரல் மாலையில் சாலையோரம் நான் விட்டுவந்த பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் இன்றும் உறுத்துகிறது.

சூடான ஹீட்டர் கிடைத்த பிறகு கண்ணாடியில் பனி மூடுவதைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொண்டேன். ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்தே போட வேண்டும். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், ஒரு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். அப்படியும் தெளியாமல் பிசுபிசுப்பாக ஒரு படலம் நின்று, முன் இருக்கைக் காலடி விரிப்பு நனைந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டரே ஒழுகுகிறது. விரிப்பில் வாடையற்ற சுத்தத் தண்ணீராக இருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும்; அதற்கு ஒரு கம்பி போதும்.

ஹீட்டர் ஒழுகினால் சமவெளி மெக்கானிக்குகள் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து அதை ஒதுக்கிவிடுவார்கள். மாற்றுவதற்கு டாஷ்போர்டை இறக்க வேண்டும், கூலி அதிகம். சென்னையிலேயே ஓடும் வண்டிக்கு அதில் பெரிய குற்றம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் பழைய வண்டி வாங்கி மலைக்குக் கொண்டுவருபவர்கள், வாங்குவதற்கு முன் ஹீட்டரைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அது ஒழுங்காகச் சூடானால் தண்ணீர்ச் சுற்று முழுவதற்கும் ஓரளவு சான்றிதழ் கிடைத்த மாதிரி.

இப்போது ஞாயிறு மாலை கிளம்பும் முன், வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஒரு பார்வை. கல்லாறு தாண்டியதும் ஏசி அணைந்துவிடும், ஜன்னல் திறந்துவிடும். முன்னால் லாரி ஊர்ந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போகாமல் இடைவெளி விட்டு, இடமுள்ள வளைவில் ஐந்து நிமிடம் நின்றுவிடுகிறேன். பக்கத்திலேயே மலை ரயில் போகும். நீராவி இஞ்சின் ஹில்குரோவ் நிலையத்தில் நின்று தண்ணீர் பிடிக்கும். அது ஆவியை வெளியே விட்டு ஓடுகிற இஞ்சின், அதற்குத் தாகம் நியாயம். மூடிய சுற்றில் ஓடுகிற என் கார் மாதம் அரை லிட்டர் கேட்டாலும் எங்கோ ஒழுகுகிறது என்று இப்போது தெரியும்.

போன வாரம் மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தேன். கிளிப்புக்குப் பக்கத்தில் ரப்பர் லேசாக உப்பியிருக்கிறது, விரலுக்கு மெத்தென்று படுகிறது. அண்ணன் பேத்தியின் காது குத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வியாழக்கிழமை வந்துவிடுவார், அதுவரை பஸ்தான்.